வேகத்திற்கும் ஓர் இடம் உண்டு



நாம் வாழும் விஷ்ராந்த்வாடியின் பெயரை ஒருமுறை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். 'விஷ்ராந்தி' என்னும் சொல்லுக்கு ஓய்வு, இளைப்பாறுதல் என்பது பொருள். ஆண்டுதோறும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்படும்போது, நம் ஆளந்திச் சாலை வழியாகவே புனே நகருக்குள் வருகிறது. தோளில் கொடியும் கையில் தாளமும் ஏந்திய அடியார்கள் ஆயிரக்கணக்கில் நடந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று கார்களும் லாரிகளும் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. மற்ற நாள்களிலோ, இரவானால் சைலன்சரை மாற்றி வெடியோசை எழுப்பும் வண்டிகள் அதே சாலையில் பறக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்களுள் சிலர் பள்ளிப் பருவத்தினர் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

சென்ற மாதம் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் இரண்டு பொருள்கள் பேசப்பட்டன. ஒன்று, இரவில் கேட்கும் அந்த வண்டியோசை. மற்றொன்று, வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் நிற்கும் பழைய பிரீமியர் பத்மினி கார். முதற்பொருள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "காலம் அப்படி" என்று கூறி எல்லாரும் பெருமூச்சு விட்டனர். இரண்டாம் பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் காரசாரமாகப் பேசினர். அந்தக் கார் இடத்தை அடைக்கிறது, தரையில் எண்ணெய்க் கறை படிகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அதனைச் சூழ்ந்து நின்று படிப்பைக் கெடுத்துக்கொள்கின்றனர் என்பன குற்றச்சாட்டுகள். காரை அகற்ற வேண்டும் என்னும் தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

அக்காரின் உரிமையாளர் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்; இராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மும்பைக் குர்லாவில் உருவாகி நாடெங்கும் ஓடிய பத்மினி, ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர்த் தண்டு அமைந்த கார். இன்று அதற்கு உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. பெரியவர் தேடித் தேடி வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாகத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டுகிறார். நான்கைந்து பிள்ளைகள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து உதவுகின்றனர். அவர்களுள் இருவர் என் தமிழ் வகுப்பு மாணவியர்.

ஒருநாள் நான் அங்கே சென்றபோது அவர் ஒரு சிறுவனிடம், "தம்பி, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதே. முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடு. தூக்கிய பிறகு தாங்கு வை. அப்புறம்தான் வேலை" என்று கூறிக்கொண்டிருந்தார். சிறுவன் கட்டையைக் கொண்டுவந்து வைத்தான். அவர் குனிந்து சரிபார்த்தார். அதன் பின்னரே காரைத் தூக்கினார்.

இவ்விரு பொருள்களையும் அடுக்ககத்தார் தனித்தனியாகக் கண்டனர். எனக்கோ அவை ஒன்றோடொன்று பிணைந்தனவாகத் தோன்றுகின்றன. இளையோர்க்கு வண்டிகள்மீது எழும் விருப்பம் குற்றமன்று. அவ்விருப்பம் சென்று சேர ஓர் இடம் வேண்டும். அறிவை விரும்பும் கைக்குப் பட்டறை வேண்டும். வேகத்தை விரும்பும் மனத்திற்குப் பந்தயத் தடம் வேண்டும். இவ்விரண்டையும் அடைத்துவிட்டால் எஞ்சுவது பொதுச் சாலை ஒன்றுதான். இதுவே என் கருத்து.

முதலில் பட்டறையைக் கருதுவோம். கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை இளமையில் அவர் கண்டார். அதன்மீது ஆசை கொண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது என்ன? அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பள்ளிக் கல்வியை முடிக்காத அவர், பிரித்துப் பூட்டியதன் வழியே பொறிகளின் இயல்பைக் கற்றார். பின்னர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கினார். கோவை அவினாசிச் சாலையில் அவர் பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்தை, ஊருக்குச் செல்லும்போது நீங்கள் காணலாம்.

ஆசை எல்லார்க்கும் எழும். அதனை அறிவாக மாற்றிக்கொள்பவர் சிலரே. பிரேக் எவ்வாறு சக்கரத்தைப் பற்றுகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவன், அது பற்றாமல் போகும் நேரமும் உண்டு என்பதையும் அறிவான். அந்த அறிவு அச்சமன்று, அடக்கம்.

இனிப் பந்தயத் தடத்தைக் கருதுவோம். சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்துச் சோழவரம் உள்ளது. அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயங்களை நடத்தியது. என் தந்தையார் சைக்கிளில் சென்று அவற்றைப் பார்த்த கதையை நான் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். பின்னர் அக்கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தை அமைத்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் 1990இல் பந்தயங்கள் தொடங்கின.

பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று பலரும் எண்ணிய காலத்தில், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் வேறுவகையாக எண்ணினார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒருவர் அமரும் பந்தயக் காரை 1980களின் இறுதியில் வடிவமைத்தார். அதனால் குறைந்த செலவில் இளையோர் பந்தயம் பழகும் வாய்ப்பு உண்டாயிற்று. அத்தகைய காரில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியவரே நரேன் கார்த்திகேயன். 2005ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெருமையை அவர் பெற்றார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் கரிவரதனின் நினைவாகக் 'கரி' என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. நரேனுக்குப் பின் 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அதே ஃபார்முலா 1 களத்தில் இறங்கினார். சென்னையின் அலிஷா அப்துல்லா இருசக்கர வண்டியிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெண்களுக்கும் அக்களம் உரியது எனக் காட்டினார்.

தடத்தில் வேகம் உண்டு; ஆனால் அது கட்டுப்பாடற்ற வேகமன்று. பந்தயத்திற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் அதிகாரிகள் சோதிக்கின்றனர். தலைக்கவசமும் தீயைத் தாங்கும் உடையும் இன்றி ஓட்டுநர் தடத்தில் இறங்க முடியாது. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடுகின்றன. எதிரே வருவார் எவருமில்லை. குறுக்கே நடக்கும் மூதாட்டியோ பால் வாங்கச் செல்லும் சிறுவனோ அங்கே இல்லை. வளைவுகளில் கொடியேந்திய பணியாளர்கள் நிற்கின்றனர். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே அபாயம் உள்ளது; வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்துதல் கூடாது. சிவப்புக் கொடி அசைந்தால் பந்தயம் நிறுத்தப்படுகிறது. முதலிடத்தில் இருப்பவராயினும் கொடிக்குக் கட்டுப்படாவிட்டால் தண்டனை உண்டு. மருத்துவ ஊர்தி எப்போதும் ஆயத்தமாக நிற்கிறது. பந்தயம் இல்லாத சில நாள்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி, இதே விதிகளுக்கு உட்பட்டுத் தம் கார்களைத் தடத்தில் ஓட்டிப் பழக வாய்ப்பளிக்கின்றனர். இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? வேகம் எத்தகையது என்பதை அங்குள்ளோர் அறிந்திருப்பதற்காக.

அதனை நீங்களும் கணக்கிட்டு அறியலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 22 மீட்டர். இடரைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி கழிந்தால், அத்தொலைவு நம் கையை விட்டுப் போனதே. அழுத்திய பிறகோ, வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்காகிறது. இஃது இயற்பியல் விதி. திறமையாளர், திறமையற்றவர் என்று அவ்விதி வேறுபாடு பார்ப்பதில்லை.

2024 மே 19 அன்று அதிகாலை நம் பகுதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்யாணி நகரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். விரைந்து வந்த விலையுயர்ந்த கார் ஒன்று மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் 17 வயதுச் சிறுவர் என்று காவல்துறை கூறியது. சிறுவர் நீதி வாரியம் முதலில் பிணை வழங்கியபோது விதித்த நிபந்தனைகளுள், விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் ஒன்று. நாடே கொதித்தது. கட்டுரை எழுதச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நான் அன்று மிகவும் வருந்தினேன். எத்தனை சொற்கள் எழுதினாலும் இரண்டு உயிர்கள் மீளா.

சட்டமும் தெளிவாக உள்ளது. 18 வயது நிறையாதவர் கார் ஓட்டுதல் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். அச்சிறார் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. ஆயினும் சட்டம் 'செய்யாதே' என்று மட்டுமே சொல்லும். 'இதற்குப் பதிலாக இதனைச் செய்' என்று சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் அண்டை வீட்டாருமே.

"பந்தயம் பணக்காரர் விளையாட்டு, நம்மைப் போன்றோர்க்கு எட்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. தடம் தொலைவில் உள்ளது, செலவும் மிகுதி. "எரிபொருள் வீணாகிறது, காற்று மாசடைகிறது" என்பதிலும் உண்மை உண்டு. அதனால்தான் வீட்டருகே அமையும் பட்டறையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு வேண்டுவன ஒரு மூலை, சில கருவிகள், கற்றுத்தரும் ஒரு பெரியவர் ஆகியவையே. எண்ணெய்க் கறை படிந்தால் அடியில் தகடு வைக்கலாம். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்து உரிய இடத்தில் ஒப்படைக்கலாம். பாடம் படிக்கும் நேரம் போக ஒரு மணி நேரம் மட்டும் என வரையறுக்கலாம். இவற்றையெல்லாம் எழுதி அடுத்த கூட்டத்தில் படிக்க எண்ணியுள்ளேன். தீர்மானம் எவ்வாறு முடியும் என்பது எனக்குத் தெரியாது. மூலையில் நிற்கும் அந்தக் காரை அகற்றுவது எளிது. ஆனால் அதனைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அதன் பின் எங்கே செல்வார்கள் என்னும் கேள்விக்கு விடை கூறிய பின்னரே அகற்ற வேண்டும் என்று கேட்பேன்.

மாணவர்களே! காரை விரும்புங்கள். அதன் பெயரையும் விலையையும் மட்டும் அறிந்து நின்றுவிடாமல் அதன் உள்ளுறுப்புகளையும் அறியுங்கள். வேகத்தை விரும்பினால் அதற்குரிய வயதும் உரிமமும் வரும்வரை பொறுத்திருந்து, அதற்குரிய தடத்தில் ஓட்டுங்கள். ஆளந்திச் சாலை நடந்து வருவோர்க்கும் உரியது. அதில் வண்டியில் செல்லும் நாள் வரும்போது, பல்லக்கு நாளில் ஒதுங்கி நின்ற கார்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

இளைப்பாறுதல் – களைப்பு நீங்க ஓய்வெடுத்தல்
பட்டறை – கருவிகள் கொண்டு வேலை செய்யும் இடம்
இடர் – துன்பம், ஆபத்து
தண்டம் – தண்டனையாகச் செலுத்தும் பணம்

சிந்தித்து எழுதுவோம்

1. ஜி.டி. நாயுடு தாம் வாங்கிய வண்டியை முதலில் பிரித்துப் பார்த்தது ஏன்?
2. பந்தயத் தடத்திற்கும் பொதுச் சாலைக்கும் உள்ள வேறுபாடுகளுள் நான்கினைக் கூறுக.
3. பழைய காரை அடுக்ககத்திலிருந்து அகற்ற வேண்டுமா? ஆசிரியரின் கருத்தோடு நீங்கள் உடன்படவில்லையாயின் காரணம் காட்டி மறுத்து எழுதுக.
4. 'ஓட்டுநர் இருக்கையில் அமரும் முன்' என்னும் தலைப்பில் 300 சொற்களில் கட்டுரை எழுதுக. அதனை வீட்டில் பெற்றோர்க்கு உரக்கப் படித்துக் காட்டுக.