கல்லில் ஒட்டும் மீனுக்கு ஒரகடத்தில் என்ன வேலை?

ஒரகடம் கூட்டு ரோடு. ஷிப்டு விட்டு கம்பெனி பஸ் வந்து நின்றதும் இளவட்டங்கள் இறங்குகிறார்கள். டீக்கடையில் ஒரு கூட்டம். பரோட்டா கடையில் ஒரு கூட்டம். பக்கத்தில் வண்ண மீன் கடை இருந்தால் அங்கேயும் ஒரு கூட்டம்!

தப்பே இல்லை. எந்த ஊரிலிருந்தோ வந்து, ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கி, நாளெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டுகிற பையன். ராத்திரி கண்ணாடித் தொட்டியில் நாலு மீன் நீந்துவதைப் பார்த்தால் மனசு லேசாகும். கப்பி வாங்கட்டும், மோலி வாங்கட்டும், பைட்டர் வாங்கட்டும். யாருக்கு நஷ்டம்?

ஆனால் ஆசை இப்போது வேறு பக்கமும் திரும்புகிறது. செல்போனில் படத்தைக் காட்டி, "இது கிடைக்குமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். எது? மலை ஓடையில் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் அயிரை!

குழம்பு அயிரை அல்ல

அயிரை என்றதும் மதுரைக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அது வயல், கண்மாய் அயிரை. இது அதன் மலைச் சொந்தக்காரன். அடிவயிறு தட்டை. துடுப்புகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதை வைத்துப் பாறையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஓடை என்ன வேகத்தில் இழுத்தாலும் அசையாது. உடம்பெல்லாம் புள்ளியும் வரியுமாக அழகோ அழகு!

வியட்நாமில், சீனாவில் இந்த ஜாதி மீன்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. 1920-ல் மீன் ஆராய்ச்சியாளர் சுந்தர்லால் ஹோரா ஒரு வகைக்கு 'பவானியா' என்றே பெயர் வைத்தார். நம் பவானி ஆற்றின் பெயர்தான்! அமைதிப் பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு வகையை 1981-ல்தான் விஞ்ஞானிகள் உலகுக்குச் சொன்னார்கள்.

அடுப்பில் போட்ட மாதிரி

இந்த மீனுக்கு வேண்டியது மூன்று. குளிர்ந்த தண்ணீர், ஓடுகிற தண்ணீர், காற்று கலந்த தண்ணீர். 20 முதல் 24 டிகிரி சூட்டில் அது சுகமாக இருக்கும். நம் ஊரில் மே மாதம் சிமெண்ட் ஷீட் ரூமுக்குள் என்ன சூடு? சொல்ல வேண்டியதே இல்லை.

தண்ணீர் சூடாக ஆக அதிலுள்ள பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நடுவில் கரண்ட் போய் மோட்டார் நின்றால்? ஷிப்டு முடிந்து வருவதற்குள் மீன் செத்து மிதக்கும்.

சூட்டுக்குத் தப்பினாலும் பசிக்குத் தப்பாது. அது தின்பது கல்லில் படிந்த பாசியும் சின்னப் பூச்சிப் புழுவும். பளபளவென்று கழுவி வைத்த தொட்டியில் அதற்கு ஏது சோறு?

15 லட்சம் மீன்கள்!

சரி, ஒரு மீன் செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்பார்கள். அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது?

கப்பியும் கோல்டு பிஷ்ஷும் தொட்டியில் குஞ்சு பொரித்தவை. கொளத்தூர் பக்கம் பல குடும்பங்கள் அதில்தான் பிழைக்கின்றன. மலை ஓடை மீன் அப்படி அல்ல. நம் மலையில் உள்ளவற்றைப் பெரும்பாலும் ஓடையில் இறங்கித்தான் பிடிக்கிறார்கள்.

2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான வண்ண மீன் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அழியும் ஆபத்தில் உள்ள 30 வகை மீன்கள். மொத்தம் 15 லட்சத்துக்கு மேல்! அதிகம் போனவற்றில் மகாராஷ்டிரா, கர்நாடகா மலைகளின் வரி அயிரையும் ஒன்று.

'மிஸ் கேரளா' கதை தெரியுமா? 1997-ல் சிங்கப்பூர் கண்காட்சியில் பரிசு வாங்கிய நம் மலை மீன் அது. பரிசுதான் வினையானது. உலகமே கேட்டது. அள்ளி அள்ளி அனுப்பினார்கள். கேரள அரசு 2008-ல் கட்டுப்பாடு போட்டது. ஆனால் மீன் முட்டையிடும் மாதமும் தடை போட்ட மாதமும் சரியாகப் பொருந்தவில்லை! குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதை.

"நாலு மீன் பிடித்தால் ஆறு வற்றிவிடுமா?" என்று வியாபாரிகள் கேட்கலாம். சில வகை மீன் ஓரிரண்டு ஓடைகளில் மட்டுமே உயிர் வாழ்கிறது. அங்கே வலை போட்டால் நாலும் பெரிய கணக்குதான்.

திருட்டுச் சைக்கிள்

திருட்டுச் சைக்கிள் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவன் மீதும் கேஸ் உண்டு. காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்தில் பிடித்தால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஆனால் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கடைக்கு வந்துவிட்டால், எந்த ஓடை, எந்தக் காடு என்று கேட்க ஆள் இல்லை.

ஓடையில் இறங்கிப் பிடித்துத் தருகிற ஏழையைப் பிடித்து உள்ளே போட்டால் மட்டும் இது தீராது. கேட்கிற ஆள் இருக்கும்வரை பிடிக்கிற ஆளும் இருப்பான்.

அதனால் தம்பிகளே, கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடித்ததா?" நேரான பதில் வராவிட்டால் காசை எடுக்காதீர்கள். வளர்க்க முடியாத மீனைக் கொண்டுபோய் செம்பரம்பாக்கம் ஏரியில் விடவும் வேண்டாம். தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் செய்யும் அட்டகாசம் போதும்!

மீன்வளத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். காய்கறிக் கடையில் விலைப் பலகை இருப்பது போல, வண்ண மீன் கடையில் ஒவ்வொரு தொட்டியிலும் மீன் பிறந்த இடத்தை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். செலவு ஒரு அட்டை, ஒரு பேனா. யோக்கியமாக மீன் வளர்த்து விற்பவருக்கு வியாபாரம் கூடும். மற்றவர் முழிப்பார்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?