திசையைக் கேட்கிறோம், தெருவைக் கேட்கிறோமா?



வீடு வாங்கவிருக்கும் விசுவாசிகள் ஜெபிக்கும்படி என்னிடம் வரும்போது, தயக்கத்துடன் இரண்டு காரியங்களைக் கேட்பதுண்டு. "வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது, பரவாயில்லையா ஐயா?" "தெருக்குத்து இருக்கிறதாமே?" திசைக்கும் தெருக்குத்துக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கேட்காமல் விடும் கேள்விகளே என்னைக் கவலைப்படுத்துகின்றன. அந்தத் தெருவில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? அங்கே வாழ்கிறவர்கள் யார்?

இதை நான் மனவருத்தத்துடன் எழுதுகிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு குடும்பத்தார் வாங்கிய தரைத்தள வீட்டை, ஒரு மே மாத வெயிலில் பிரதிஷ்டை செய்து ஜெபித்தேன். தெரு பள்ளமாக இருந்ததைக் கண்டேன்; மகிழ்ச்சியான நாளில் அதைச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். 2015 டிசம்பரில் அவ்வீட்டினுள் மார்பளவு தண்ணீர் நின்றது. வீட்டிலிருந்த முதிய தாயைப் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். பொருள்கள் போயின, வங்கிக் கடன் நின்றது.

அந்த வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் முதலான பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் தத்தளித்தன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் மழைநீர் வந்து சேரும் தாழ்விடம். அதன் பெரும்பகுதி சுருங்கிப்போன பின்பு, நீர் தன் பழைய இடத்தைத் தேடி நம் கூடத்துக்குள் வருகிறது. ஏரி, தாங்கல், ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்களை நம் முன்னோர் வீணாக இடவில்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்குமுன் அடைமழை நாளில் ஒருமுறை அந்தத் தெருவுக்குச் செல்லுங்கள். அண்டை வீட்டுச் சுவர்களில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறதென்று பாருங்கள். சாலைமேல் சாலை போட்டு உயர்ந்ததனால் வீட்டின் வாசற்படி தாழ்ந்துவிட்டதா? நள்ளிரவில் ஆம்புலன்ஸ் உள்ளே நுழையுமா? வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு நில்லாமல், அந்நிலம் முன்பு ஏரியாகவோ ஓடையாகவோ இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

இது அவிசுவாசம் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். அல்ல. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டுமென்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒருவரும் விழுந்து சாகாதபடி கவனிப்பதும் கீழ்ப்படிதலே.

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் லோத்து யோர்தான் சமபூமியின் செழிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அருகே வாழ்ந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பார்க்கவில்லை. அந்தத் தெரிவின் விலையை அவனுடைய வீட்டார் அனைவரும் கொடுத்தார்கள். நாம் இல்லாத வேளையில் நம் பெற்றோரின் கதவைத் தட்டி, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் அண்டைவீட்டார் கிடைத்தால், சதுர அடி குறைந்த வீடும் பெரிய வீடுதான்.

தெரிந்துகொள்ள வசதியே இல்லாமல் பள்ளத்தில் வாழ்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்லாமல், மழைக்காலத்தில் ஆலயத்தின் மேல்மாடியையும் நம் வீட்டு மாடியையும் அவர்களுக்குத் திறந்துவைப்போம்.

இப்போதெல்லாம் வீட்டுப் பிரதிஷ்டைக்கு என்னை அழைப்பவர்களிடம், வாங்குவதற்குமுன்பே அழையுங்கள் என்கிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது, குடையோடு வருகிறேன்.