டீவி வாங்க முன் ஹோலை அளந்து பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டாரும் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கம் டீவி இப்போது பார்க்கிற சாமான் அல்ல, காட்டுகிற சாமான். ஹோலுக்குள் வருகிறவர் ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் கேட்பது, "எத்தனை இன்ச்?" மகளுக்குக் கொடுக்கிற வீட்டின் சாமான் லிஸ்ட்டில் பிரிட்ஜ் என்று எழுதினால் போதும், அல்மாரி என்று எழுதினால் போதும். டீவிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இலக்கம் வேண்டுமாம். 43 என்றால் முகம் சுருங்குகிறது. 55 என்றால் "பரவாயில்லை." 65 என்றால்தான் மரியாதை.

அந்த இலக்கத்தை யார் தீர்மானிக்க வேண்டும்? மாப்பிள்ளையின் மச்சானா, கடையில் நிற்கிற தம்பியா, பக்கத்து வீட்டுச் சுவரா? இவர்களில் ஒருவரும் இல்லை. அதைத் தீர்மானிப்பது உங்கள் ஹோலின் அளவும், நீங்கள் அதில் என்ன பார்க்கிறீர்கள் என்பதும்தான்.

கணக்கைப் பார்ப்போம். டீவியின் இன்ச் அகலம் அல்ல. மூலைக்கு மூலை அளக்கிற மூலைவிட்டம். பக்கங்கள் 16க்கு 9 என்ற விகிதம். பைதகரசின் தேற்றம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் கொடுங்கள், மிச்சத்தைச் சொல்லிவிடும். 32 இன்ச் டீவியின் படம் 16 இன்ச் உயரம். 43 என்றால் 21, 55 என்றால் 27, 65 என்றால் 32 இன்ச் உயரம். 32ஐயும் 65ஐயும் பக்கத்தில் வைத்தால் பெரியதன் பரப்பு சின்னதைப் போல் நான்கு மடங்கு.

எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பது? ஆண்டெனாவில் வருகிற பழைய முறை ஒளிபரப்பில் படத்துக்கு 576 வரிதான். அதற்குப் படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரம் வேண்டும். எச்டி தரத்துக்கு மூன்று மடங்கு போதும். உண்மையான 4கே படத்துக்கு ஒன்றரை மடங்கே காணும்.

இப்போது நமது ஹோலுக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வைத்த ஆகக்குறைந்த அளவு 500 சதுர அடி. அதற்குள் அறைகளும் குசினியும் போக ஹோலுக்கு என்ன மிஞ்சும்? பத்தடி என்று வைப்போம். செட்டியில் சாய்ந்திருக்கிறவரின் தலை சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இருக்கும். எதிர்ச்சுவரில் டீவி அரை அடி பிடிக்கும். மிச்சம் ஏழரை அடி. அந்தத் தூரத்தில் ஆண்டெனாவில் நேத்ராவும் வசந்தமும் பார்க்கிற வீட்டுக்கு 32 சரி. எச்டி பார்க்கிற வீட்டுக்கு 43 வசதி, 55 மேல் எல்லை. 65க்கு எச்டி என்றாலே எட்டடி வேண்டும். ஆண்டெனா என்றால் 16 அடி! வாசலைத் தாண்டி ரோட்டில் கதிரை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"இது 4கே சேர், கிட்ட இருந்தும் பார்க்கலாம்" என்பார் கடைத் தம்பி. அவர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. பெட்டியில் 4கே என்று எழுதியிருப்பதால் வருகிற ஒளிபரப்பு 4கே ஆகிவிடாது. 576 வரியை 65 இன்ச்சுக்கு இழுத்தால் செய்தி வாசிக்கிறவரின் முகம் ஈரத்தில் ஊறிய போட்டோ மாதிரித்தான் தெரியும். கடையில் ஓடுவது அதற்கென்றே தயாரித்த வீடியோ. அங்கே நின்று பார்க்கிற தூரமும் உங்கள் ஹோலில் கிடைக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நமது வீடுகளில் ஹோல் என்பது டீவி பார்க்கிற இடம் மட்டுமல்ல. உம்மம்மா பாய் விரித்துப் படுக்கிற இடமும் அதுதான். ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை கொப்பியை விரிக்கிற இடமும் அதுதான். நாங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது காண்பது என்ன? ஒரு சுவர் முழுக்க டீவி, அதற்கென்று ஒரு ஷோகேஸ், எதிரே பெரிய செட்டி. படிக்கிற மேசைக்கு இடமில்லை. பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறது. நாலடி அகல டீவிக்குச் சுவர் கண்டவர்களுக்கு, மூன்றடி மேசைக்கு இடம் காண முடியாதா?

காசுக்கு வருவோம். தவணை வியாபாரம் கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்பது வேறு. கைக்கு மேல் கட்டுக்காசு போட்டு வாங்கிய டீவியின் தவணை முடியும் வரை அந்தச் சுமையைத் தாங்குவது யார்? கட்டாரில் வெயிலில் நிற்கிற வாப்பாவா, மாதா மாதம் கைமாத்துக்கு அலைகிற உம்மாவா? கரண்ட் பில்லும் இருக்கிறது. 40 வாட் டீவி ஒன்று நாளைக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 6 அலகு. 130 வாட் டீவி என்றால் ஏறக்குறைய 20 அலகு. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியபோது பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? எத்தனை வாட் என்பது டீவியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெரிய டீவி எல்லோருக்கும் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹோல் பெரிதா, கையில் காசு இருக்கிறதா, கண் மங்கிய வாப்பாவுக்கு எழுத்துத் தெரிய வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். அது தேவைக்கு வாங்குவது.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இன்ச் சொல்லிக் கேட்பது தேவை அல்ல. அது கைக்கூலிதான். காசாகக் கேட்டால் வெட்கம் என்று சாமானாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மஹர் கொடுக்க வேண்டியவன் மூலைவிட்டம் கேட்கிறான்!

வாங்க முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பேப்பர்களை ஒட்டி, 55க்கு நாலடி அகலம் இரண்டேகால் அடி உயரம், 43க்கு மூன்றடி அகலம் ஒன்றேமுக்கால் அடி உயரம் என்று வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு கிழமை விடுங்கள். வழக்கமாக இருக்கிற இடத்தில் இருந்து பாருங்கள். பாயில் இருக்கிற பிள்ளையின் கழுத்து எவ்வளவு நிமிர்கிறது என்றும் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

பெண்ணைப் பெற்ற வாப்பாமாரே, லிஸ்ட் உங்கள் கைக்கு வரும்போது டீவிக்குப் பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பேனையால் வெட்டுங்கள். ஏன் என்று கேட்டால், ஹோல் பத்தடி என்று சொல்லுங்கள்.