கோப்பையை வென்ற அணி, அடுத்த சீசனில் இல்லை: பிரிட்டன் ஸ்பீட்வேயில் என்னதான் பிரச்சினை?

ஒரு லீக்கின் இறுதிப் போட்டி. இரண்டு அணிகள் மோதுகின்றன. ஒன்று ஜெயிக்கிறது, இன்னொன்று தோற்கிறது. சில மாதங்கள் கழித்து அடுத்த சீசன் தொடங்குகிறது. அந்த இரண்டு அணிகளுமே லீக்கில் இல்லை.

சூதாட்டப் புகார் எதுவும் கிடையாது. தடையும் கிடையாது. 2018-ல் பிரிட்டனின் இரண்டாம் டிவிஷன் ஸ்பீட்வே லீக்கான எஸ்ஜிபி சாம்பியன்ஷிப்பில் உண்மையிலேயே நடந்த கதை இது. பட்டம் வென்றது வொர்க்கிங்டன் காமெட்ஸ். இறுதிப் போட்டியில் தோற்றது லேக்சைட் ஹாமர்ஸ். 2019 சீசனுக்கு இரண்டுமே வரவில்லை.

அதிலும் வொர்க்கிங்டன் சும்மா ஒரு கோப்பையோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு லீக், நாக்-அவுட் கோப்பை, ஷீல்டு என மூன்றையும் அள்ளியது. ஒரு அணியால் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அந்த சீசனைப் புரிந்துகொண்டால், பிரிட்டனில் இந்த விளையாட்டு ஏன் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில், ஸ்பீட்வே என்றால் என்ன?

500 சிசி பைக். ஒரே ஒரு கியர். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். முக்கியமான விஷயம், பிரேக் கிடையாது. எழுத்துப் பிழை இல்லை, நிஜமாகவே கிடையாது.

முட்டை வடிவத் தடத்தில், ஷேல் எனப்படும் பொடிக்கல் பரப்பின் மீது, நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். திசை எப்போதும் இடப்பக்கம்தான். வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வெளிப்பக்கமாக வழுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்தபடி திரும்ப வேண்டும். அதற்காகவே இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். ஒரு ரேஸ் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். ரீல்ஸ் தலைமுறைக்காகவே கண்டுபிடித்ததுபோல இருக்கிறதா? பிரிட்டனுக்கு இது வந்து சேர்ந்தது 1920-களில். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில் 1928 பிப்ரவரி 19 அன்று நடந்த பந்தயம்தான் அங்கே இந்த விளையாட்டின் பிறந்தநாள் எனப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

லீக் ஆட்டத்தில் ஒரு அணிக்கு 7 பேர். மொத்தம் 15 ஹீட்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவர். முதல் இடத்துக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கடைசிக்கு சைபர். எனவே ஒரு ஹீட் 5-1 ஆகலாம், 4-2 ஆகலாம், 3-3 ஆகவும் முடியலாம். தனியாகப் பறந்து முதலாவது வந்தால் மட்டும் போதாது. பின்னால் வரும் சக வீரருக்கும் வழிவிட்டு, எதிரணியை மறித்துக் கூட்டிவர வேண்டும். பைக் பந்தயமாக இருந்தாலும் உள்ளுக்குள் இது அணி விளையாட்டு.

இரண்டாம் டிவிஷன் எதற்கு?

பிரிட்டிஷ் லீக்கின் இரண்டாம் டிவிஷன் 1968-ல் 10 அணிகளோடு தொடங்கியது. புதிய ஊர்களுக்கு ஒரு வாய்ப்பு, இளம் வீரர்களுக்கு ஒரு பயிற்சிக்களம். நோக்கம் அவ்வளவுதான். முதல் பட்டத்தை பெல் வ்யூ கோல்ட்ஸ் வென்றது. அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. 1971-ல் ராச்டேல் அணிக்காக இரண்டாம் டிவிஷனில் ஓட்டத் தொடங்கிய பீட்டர் காலின்ஸ், 1976-ல் உலக சாம்பியன் ஆனார்.

அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பயிற்சிக்களம் காய்த்துக்கொண்டுதான் இருந்தது. வொர்க்கிங்டன் அணியில் ஓட்டிக்கொண்டிருந்த கம்பிரியா பையன் டான் பியூலியைப் பாருங்கள். அந்த ஊர் இருக்கும் அதே கம்பிரியா வட்டாரத்தில் பிறந்தவர். உள்ளூர் அணியில் வளர்ந்தவர். 2021-ல் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தை வென்ற பிரிட்டன் அணியில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டே கார்டிஃபில் கிராண்ட் பிரி வென்றார். சொந்த ரசிகர்கள் முன்னால், தன் முதல் கிராண்ட் பிரி வெற்றி.

அவரை உருவாக்கிய அணி, அந்த நேரத்தில் இல்லை.

2018-ல் என்ன நடந்தது?

அந்த சீசனில் 11 அணிகள். பெர்விக், எடின்பரோ, கிளாஸ்கோ, இப்ஸ்விச், லேக்சைட், நியூகாசில், பீட்டர்பரோ, ரெட்கார், ஸ்கன்தோர்ப், ஷெஃபீல்டு, வொர்க்கிங்டன். ஸ்காட்லாந்திலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்து வரை பரவிக் கிடக்கும் ஊர்கள். பல ஊர்களுக்கு வாரத்தில் ஒரு 'ரேஸ் நைட்' உண்டு. எடின்பரோ என்றால் வெள்ளி, பெர்விக் என்றால் சனி, நியூகாசில் என்றால் ஞாயிறு. உள்ளூர்க்காரர்களுக்கு நாள் தெரியும், நேரம் தெரியும், போய் நின்றால் போதும்.

இறுதிப் போட்டிக்கு வந்த லேக்சைட் அணிக்கு அந்த சீசனின் கடைசியில் சொந்தத் தடமே கையில் இல்லை. பழைய சிமென்ட் ஆலை நிலத்தில் உருவான அரீனா எசெக்ஸ் மைதானத்தில் 1984 முதல் ஸ்பீட்வே நடந்துவந்தது. அந்த நிலம் வீட்டு மனைத் திட்டத்துக்குப் போனது. மீதி ஆட்டங்களை அணி ரை ஹவுஸ் தடத்தில் ஓட்டி முடித்தது. அந்தத் தடத்தின் சொந்த அணியோ, முதல் டிவிஷனிலிருந்து அதே சீசனின் பாதியில் விலகியிருந்தது. ஒரு மூடப்பட்ட வீட்டில் இன்னொரு வீடிழந்தவர் குடியேறிய மாதிரி.

வொர்க்கிங்டன் ஓட்டியது டெர்வென்ட் பார்க்கில். அது ரக்பி லீக் அணியின் மைதானம். ஸ்பீட்வே அங்கே விருந்தாளி.

அப்படியானால் ஜெயித்ததற்கு என்ன பலன்?

கால்பந்து பார்க்கிறவர்கள் உடனே கேட்பார்கள்: "சாம்பியன் ஆகிட்டா மேல் டிவிஷனுக்குப் போகலாமே?" இங்கேதான் சிக்கல். பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் யார் மேலே, யார் கீழே என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புள்ளிப் பட்டியல் இல்லை, கிளப்பின் விண்ணப்பமும் பணப்பையும்தான். 2019-க்கு இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே போனவை இப்ஸ்விச்சும் பீட்டர்பரோவும். இரண்டுமே 2018-ன் இறுதிப் போட்டியில் ஓடியவை இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி இருக்கும். எடுத்த புள்ளிகளை ஓட்டிய ஹீட்களால் வகுத்து, நான்கால் பெருக்கினால் அது கிடைக்கும். 5 ஹீட்டில் 10 புள்ளி என்றால் சராசரி 8. சீசனுக்கு முன்பு அணி அமைக்கும்போது, வீரர்களின் சராசரிகளைக் கூட்டினால் ஒரு உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். ஐபிஎல் ஏலத்தில் பண வரம்பு இருப்பதுபோல, இங்கே திறமைக்கே வரம்பு.

நோக்கம் நல்லதுதான். பணக்கார கிளப் ஒன்று எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிடக் கூடாது. ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. ஒரு இளம் வீரர் சராசரி 5-ல் சேர்ந்து, கடுமையாக உழைத்து, 8-ல் சீசனை முடிக்கிறார் என்று வையுங்கள். அணி கோப்பையை ஜெயிக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஏழு பேரை வைத்துக்கொள்ள முடியாது, வரம்பு தாண்டிவிடும். யாரையாவது அனுப்பியே ஆக வேண்டும். வளர்த்துவிட்டதற்குக் கிடைக்கும் பரிசு, வளர்ந்தவரை இழப்பது.

ஆக, ஜெயிக்கும் அணிக்கு மேலே போக நிச்சயமான வழியில்லை. அதே அணியாகத் தொடரவும் வழியில்லை. கையில் மிஞ்சுவது கோப்பைகளும் மின்சாரக் கட்டணமும்தான்.

ரசிகர்கள் வராததுதானே காரணம்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இதுதான். ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது, இளைஞர்கள் மொபைலில் மூழ்கிவிட்டார்கள், நல்ல வீரர்கள் பணம் தேடி போலந்துக்குப் போய்விட்டார்கள். இதில் உண்மை இருக்கிறது. மறுக்க முடியாது.

ஆனால் இந்த பதில் ஒரு கேள்விக்கு விளக்கம் தரவில்லை. போலந்திலும் இளைஞர்களிடம் மொபைல் இருக்கிறதே? அங்கே மட்டும் எப்படி ஸ்டேடியம் நிரம்புகிறது?

வித்தியாசம் காலடியில் இருக்கிறது. போலந்தில் பல ஸ்பீட்வே மைதானங்கள் நகர நிர்வாகங்களின் சொத்து. டோருன் நகரில் 2009-ல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனா, ஸ்பீட்வேக்கென்றே கட்டப்பட்டது. நாளைக்கு மைதானம் இருக்குமா என்ற பயம் இல்லாத கிளப், பத்து ஆண்டுக்குத் திட்டம் போட முடியும். ஸ்பான்சர் தேடலாம், நிழற்கூரை போடலாம், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரலாம். டான் பியூலி போலந்தில் ஓட்டுவதும் அப்படியொரு கிளப்புக்குத்தான், வ்ரோட்ஸ்வாஃப் நகரின் ஸ்பார்ட்டாவுக்கு.

பிரிட்டனில் பல கிளப்கள் வாடகைக் குடித்தனம். நாய்ப் பந்தய மைதானம், கால்பந்து மைதானம், ரக்பி மைதானம், கண்காட்சித் திடல் என யாரோ ஒருவரின் இடத்தில் வாரம் ஒருநாள். நில மதிப்பு ஏற ஏற, உரிமையாளருக்கு அந்த ஒருநாள் வாடகை சில்லறையாகத் தெரியும். குத்தகை ஓராண்டு, ஈராண்டு எனச் சுருங்கும். அப்படிப்பட்ட இடத்தில் யார் கழிப்பறையைப் புதுப்பிப்பார்கள்? யார் கூரை போடுவார்கள்? வசதி இல்லாத இடத்துக்குக் குடும்பத்தோடு யார் வருவார்கள்? கூட்டம் குறைவது பல இடங்களில் நோயின் அறிகுறி. நோய் குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2018-ல் ஓடிய 11 அணிகளில் வொர்க்கிங்டனும் லேக்சைட்டும் அந்த ஆண்டோடு நின்றன. கொரோனா 2020 சீசனையே தின்றது. 2022-ல் நியூகாசில் சீசன் நடுவிலேயே மூடியது; அது ஓடியது ஒரு நாய்ப் பந்தய மைதானத்தில். 2023 முடிவில் பீட்டர்பரோ தன் கண்காட்சித் திடலை இழந்தது. அங்கேயும் வீட்டு மனைத் திட்டம். ஐந்தே ஆண்டுகளில் பதினொன்றில் நான்கு.

ஸ்கன்தோர்ப்பும் ரெட்காரும் இதற்கு மறுபக்கம். 2000-களில் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாகத் தடம் அமைத்த ஊர்கள் அவை. பெரிய நகரங்கள் இல்லை, பெரிய பணமும் இல்லை. பெரிய அணிகள் விழுந்த காலத்தையும் இந்த இரண்டும் தாண்டி வந்தன.

என்ன செய்யலாம்?

வீடே கட்டக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் வீட்டுத் தட்டுப்பாடு நிஜமான பிரச்சினை. இளம் தம்பதிக்கு ஒரு வீடா, சனிக்கிழமை ராத்திரி பைக் ரேஸா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கேள்வியை அப்படி வைப்பதே தவறு. விளையாட்டு நிலத்தை எடுத்தால், அதற்கு ஈடான இடம் வேறெங்காவது தர வேண்டும், அல்லது அது தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையிலேயே இது இருக்கிறது. கவென்ட்ரி அணி 2016-க்குப் பிறகு இழந்த பிராண்டன் மைதானத்தில் வீடு கட்டும் திட்டத்தை உள்ளூர் கவுன்சில் நிராகரித்தது. மேல்முறையீட்டிலும் திட்டம் தோற்றது. ரசிகர்கள் விடாமல் போராடியதன் பலன் அது. ஆனால் அதற்குள் மைதானம் பாழடைந்து, தீவைப்புகளுக்கும் இரையாகிவிட்டது. விதி இருந்தால் போதாது, அது நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும். மாற்றுத் தடம் தயாராகும் வரை பழைய தடத்தின் மேல் புல்டோசர் ஏறக் கூடாது. உள்ளாட்சிகள் இதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

லீக் நிர்வாகமும் தன் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். கிளப்பே வளர்த்தெடுத்த இளம் வீரருக்கு சராசரிக் கணக்கில் சலுகை தரலாம். அப்போது சாம்பியன் அணியைக் கலைக்க வேண்டிய கட்டாயம் குறையும். உரிமம் கொடுக்கும்போது நீண்டகாலக் குத்தகை உள்ள கிளப்புக்கு முன்னுரிமை தரலாம். மேலே போக விரும்பும் சாம்பியனுக்கு முதல் அழைப்பு போகலாம்.

வொர்க்கிங்டனின் கதை முழுச் சோகமாக முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அதே ஊரின் நார்த்சைட் என்ற சின்னத் தடத்தில், இன்னும் கீழே மூன்றாம் நிலை லீக்கில், காமெட்ஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. மூன்று கோப்பைகளை வென்ற அணி மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள், பைக்குகள் ஓடின. ரசிகர்கள் ஊரிலேயேதான் இருந்தார்கள். இடையில் இல்லாமல் போனது அவர்கள் நிற்க ஓர் இடம் மட்டுமே.