காவலர் இல்லம்

ஊர் உறங்கும்போது விழித்திருப்பவர் காவலர். அவர் விழித்திருக்கும்போது உறக்கம் கொள்ளாதிருப்பது அவருடைய குடும்பம். காவலரின் பணியை ஊரார் அறிவர். குடும்பத்தின் பொறுமையை அறிந்தோர் சிலரே. காவலர் ஒருவரைப் பெற்ற இல்லத்தில் பெருமையும் கவலையும் உடன்பிறந்தவை போல ஒன்றாகவே வளர்கின்றன. அப்பெருமை எத்தகையதாக இருத்தல் வேண்டும், அக்கவலையில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பன எண்ணிப் பார்க்கத் தக்கவை.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்த நகரம் ஓசூர். பெங்களூர் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், லாரியும் மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் உருவாகும் தொழில் நகரமாக ஓசூர் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தினின்று பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாயிற்று. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. காசுமீரத்திலிருந்து குமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் சென்னை நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. பிழைப்பை நாடிப் பல மாநிலத்தார் வந்து சேர்கின்றனர். நல்லோர் வரும் வழியே தீயோரும் வருவர். ஒரு மாநிலத்தில் குற்றம் செய்தவன் சிறிது நேரத்தில் மறு மாநிலத்தில் மறைந்து கொள்வான். இத்தகைய எல்லைப்புறத்தில் காவலர் பணி எளியதன்று.

எனினும், அப்பணியை விரும்பும் இல்லங்கள் இப்பகுதியில் பல. மழையை நம்பிக் கேழ்வரகும் மாவும் பயிரிடும் குடும்பத்தில் ஒரு பிள்ளை சீருடைப் பணியாளர் தேர்வில் வெற்றி பெற்றால், அவ்வெற்றி ஊர் முழுவதற்கும் உரியதாகிறது. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகிய கால்களையும், இரவில் விளக்கொளியில் படித்த கண்களையும் ஊரார் நினைவு கூர்கின்றனர். தமிழகத்தில் 1973ஆம் ஆண்டிலேயே பெண்கள் காவல் துறையில் சேர்க்கப்பட்டனர். ஆதலின், இன்று மகன் மட்டுமன்றி மகளும் காக்கி உடை அணிந்து வீடு திரும்பும் காட்சியைப் பெற்றோர் கண்டு மகிழ்கின்றனர். உழைப்பால் வந்த இப்பெருமையைக் குறை கூறுவார் யார்?

ஆனால், சீருடை வீட்டுக்குள் நுழையும்போதே கவலையும் உடன் நுழைகிறது. முதற்கவலை உயிரைப் பற்றியது. 2016ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓசூர்ப் பகுதியில் நகை பறிக்கும் கும்பலைப் பிடிக்கச் சென்ற காவலர் குழுவில் தலைமைக் காவலர் முனுசாமியும் இருந்தார். கொள்ளையர் கத்தியால் தாக்கியதில் அவர் உயிர் இழந்தார். அதற்கு முன்னர், 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், வீரப்பனைத் தேடிச் சென்ற குழுவினர் பாலாற்றை அடுத்த எல்லைக் காட்டில் கண்ணிவெடிக்கு ஆளாயினர். காவலர், வனத்துறையினர், உடன் சென்றோர் என 22 பேர் மாண்டனர். 2020ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், தெற்கே கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் எல்லாரும் வீட்டில் விடைபெற்றுச் சென்றவர்களே. இவர்களுக்காகவும் வீட்டில் சோறு எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய பேரிடர் அன்றாடம் நிகழ்வதன்று. ஆயினும், அன்றாடம் நிகழக் கூடும் என்னும் அச்சம் காவலர் இல்லத்தை விட்டு நீங்குவதில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் காவிரிப் பிணக்கு மூண்டு, பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே எல்லையைக் கடந்தனர். அந்நாளில் இரு மாநிலக் காவலரும் எல்லையில் நின்றனர். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவிற்கு அனுமதி கிடைக்கத் தாமதமாயிற்று எனச் சினந்த கூட்டம் நெடுஞ்சாலையை மறித்தது. கல்வீச்சும் தடியடியும் நிகழ்ந்தன, காவலரும் காயமுற்றனர். ஒரு வட்டாரத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் சாலையின் இரு புறத்திலும் எதிர் எதிராக நிற்க நேரும்போது, வீட்டில் இருக்கும் தாய் எவர் பக்கம் கண்ணீர் விடுவாள்?

இனி, இரண்டாம் கவலை ஒன்று உண்டு. அதனை வாய்விட்டுச் சொல்வார் அரியர். "காவலருக்குத் தீங்கு நேருமோ?" என்பது முதற்கவலை. "காவலர் கையால் பிறர்க்குத் தீங்கு நேருமோ?" என்பது இரண்டாம் கவலை. முதற்கவலை அன்பில் பிறந்தது. இரண்டாவது அன்பிலும் அறத்திலும் பிறந்தது. ஆதலின், இதுவே உயர்ந்தது.

பொற்கைப் பாண்டியன் கதையைத் தமிழர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இரவில் நகர் காவல் வந்த மன்னன், கீரந்தை என்னும் அந்தணன் வீட்டில் ஆடவர் குரல் கேட்டு ஐயுற்றுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் வீட்டுக்கு உரியவனே என்பதைப் பின்னரே உணர்ந்தான். கதவைத் தட்டிய குற்றத்திற்காகத் தன் கையைத் தானே வெட்டிக் கொண்டான் என்பது அக்கதை. காவல் புரியும் கை தவறு செய்யின் அதுவும் நீதிக்கு விடை கூறியாக வேண்டும் என்பதே அதன் கருத்து.

2020ஆம் ஆண்டு சூன் திங்களில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான வணிகர் இருவர் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். நாடே துடித்தது. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர் பலர்மீது கொலை வழக்குத் தொடுத்தது. அந்நிகழ்ச்சியின் இருளில் ஓர் ஒளியும் தோன்றிற்று. அதே நிலையத்தில் பணி செய்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் எடுத்துரைத்தார். உடன் பணி புரிவோர்க்கு எதிராகச் சான்று கூறுதல் எளிதோ? அவருக்கும் அவர் குடும்பத்திற்கும் பாதுகாப்பு அளிக்குமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஓர் இல்லம் உண்மையாகவே தலைநிமிர்ந்து பெருமை கொள்ளத் தக்க செயல் இஃது அன்றோ!

இதனால் ஒன்று விளங்கும். பெருமை சீருடையில் இல்லை. அதனை அணிந்தவர் நடக்கும் நெறியில் இருக்கிறது. இதனை உணராத உறவினர் சிலர் உளர். தலைக்கவசம் இன்றிப் பிடிபட்டவுடன், "என் மாமா காவல் துறையில் இருக்கிறார்" என்பர். நிலத் தகராறு வந்தால், "எங்கள் சித்தப்பாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும்" என்பர். இவர்கள் காவலரின் பெருமையைக் கூட்டுவோர் அல்லர். அதனைச் சிறிது சிறிதாகச் செலவிடுவோர். ஒரு முறை உறவுக்காக வளைந்த கை மறுமுறை பணத்திற்காக வளைய நெடுநாள் ஆகாது. காவலரிடம் சலுகை கேளாதிருப்பதே காவலர் குடும்பம் நாட்டுக்குச் செய்யும் முதல் தொண்டு.

குடும்பத்தின் கடமை இதுவாயின், நாட்டின் கடமை யாது? முனுசாமி மறைந்தபின் அரசு அவர் குடும்பத்திற்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. அது தக்க உதவியே. எனினும், இறந்தபின் அளிக்கும் நிதியினும் வாழும்போது அளிக்கும் ஓய்வு இன்றியமையாதது. பொங்கலும் தீபாவளியும் தேர்த் திருவிழாவும் ஊருக்கு விழா நாட்கள். காவலருக்கோ பணி மிகும் நாட்கள். உறக்கம் இழந்தவரிடம் பொறுமையை எதிர்பார்த்தல் அரிது. களைப்பு சினமாகிறது; சினம் வீட்டில் கடுஞ்சொல்லாகிறது; தெருவில் தடியாகிறது. களைப்பு கொடுமைக்கு மன்னிப்பு ஆகாது. ஆயினும், கொடுமைக்கு இட்டுச் செல்லும் வழிகளுள் ஒன்றை அடைத்தல் அரசின் கையில் உள்ளது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் காவலருக்கும் தலைமைக் காவலருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு அளிக்கத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு வாரமும் நிறைவேறுதல் வேண்டும். அந்நாளைக் கேட்டுப் பெறுவது சோம்பல் அன்று, உரிமை.

உடலைப் போன்றே உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும். பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே அமைந்துள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல நிறுவனத்தின் துணையுடன், தமிழகக் காவல்துறை 2018ஆம் ஆண்டில் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. காவலரோடு குடும்பத்தினரும் அதில் இடம்பெற்றனர். காவலரின் சுமையைக் குடும்பமும் சுமக்கிறது என்பதை அரசே ஏற்றுக் கொண்டதற்கு இஃது ஓர் அடையாளம்.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், இலடாக்கில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்தியச் சேமக் காவல் படையினர் பதின்மர் உயிர் துறந்தனர். அந்நாள் ஆண்டுதோறும் காவலர் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. மலர் வளையம் வைப்பதோடு அந்நாளின் பயன் முடிந்து விடுவதில்லை. வரிசையில் காத்து நிற்கும் பணிவு, சாலை விதியை மதிக்கும் ஒழுக்கம், வதந்தியைப் பரப்பாத அடக்கம் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காவலரை ஒரு மணி நேரம் முன்னதாக வீடு சேர்க்கும். மாணவர் செய்யக் கூடிய காணிக்கை இதுவே. வருங்காலத்தில் காக்கி உடை அணியப் போகும் மாணவரும் வகுப்பில் இருக்கக் கூடும். அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்று: பணி முடிந்து உயிரோடு வீடு திரும்புதல் குடும்பத்தின் முதற்கவலையைத் தீர்க்கும், பழியின்றித் திரும்புதல் இரண்டாம் கவலையைத் தீர்க்கும். இரண்டும் தீர்ந்த இல்லமே பெருமைக்கு உரிய காவலர் இல்லம்.