திறவுகோல் எவர் கையில்?

கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிலும் மாணவர் தம் ஆக்கங்களை இன்று பையிலிட்டுச் சுமப்பதில்லை. ஓவியமோ, கட்டுரையோ, ஆய்வேடோ, கணினி நிரலோ எதுவாயினும் இணையத்தில் ஓரிடத்தில் தொகுத்து வைத்து, வேலை தருவோர்க்கு அவ்விடத்தின் முகவரியை விடுக்கின்றனர். வரவேற்கத் தக்கதே. ஆனால், அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் வருந்தத் தக்கது. உடன் பயில்வோன் வைத்த இடத்தில் தானும் வைத்தல். பளபளப்பாய்த் தோன்றுவதன்பால் ஓடுதல். கட்டணம் கேளாத வாயிலில் நுழைதல். இவற்றுக்கு அப்பால், பூட்டின் திறவுகோல் எவர் கையில் உள்ளது என்று வினவுவார் அரியர்.

சிதம்பரத்து மாணவனுக்கு இதனை விளக்க வெளிநாட்டுச் சான்று வேண்டா. தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் ஓரறையில் பூட்டப்பட்டுக் கிடந்தன. பாடிய மூவரே வந்தாலன்றிக் கதவு திறவாது எனக் காப்பாளர் மறுத்தனர். சோழ வேந்தன் மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தான். சுவடிகளின் பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது. இவ்வாறு சைவ மரபு கூறும். அதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாடினோர் வேறு, பூட்டினோர் வேறு என்னும் நிலை அக்கதையில் தெளிவாய் உள்ளது. அழிவும் பூட்டிய அறைக்குள்ளேயே நேர்ந்தது.

இணையத்துக் கறையான் வேறு வகையது. 1994-இல் தோன்றிய சியோசிட்டீசில் உலகெங்கும் மக்கள் தத்தம் பக்கங்களை அமைத்தனர். யாகூ நிறுவனம் 1999-இல் அதனை வாங்கிற்று. 2009 அக்டோபரில் மூடிற்று. 2011-இல் முழக்கத்துடன் வந்த கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மறைந்தது. மைசுபேசு தளமோ மூடப்படாமலே, 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களைச் சேமிப்பு மாற்றத்தின்போது இழந்தது. ஓவியரும் வடிவமைப்பாளரும் நாடும் பிகான்சு 2012-இல் அடோபி கைக்கு மாறிற்று. நிரலர் நாடும் கிட்டப்பு 2018-இல் மைக்கிரோசாப்ட்டு கைக்கு மாறிற்று. இவை இன்றும் நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும், அவற்றை விற்றபோது அங்கே ஆக்கம் வைத்திருந்த மாணவனை எவரும் கேட்கவில்லை.

அவ்வாறாயின் தாளே போதும் என்பாரும் உளர். 2011 திசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்ததையும், 2015 வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் கண்ட கடலூர் மாவட்டத்தார் அவ்வாறு சொல்லார். தாளும் நனையும், தளமும் மூடப்படும்.

தீர்வு அரிதன்று. மாணவன் தன் பெயரில் ஓர் இணைய முகவரியைப் பதிந்து கொள்க. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் உருபா ஆகும். திரைப்படத்திற்கும் கைப்பேசிக்கும் செலவிடுவதை நோக்க இது பெரிதன்று. முகவரி தனதாயின், அதன் பின்னுள்ள தளத்தை எப்போது வேண்டினும் மாற்றலாம். பார்க்க வருவோர் பழைய வழியிலேயே வருவர். வேர்டுபிரெசு என்னும் மென்பொருள் எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கப்பட்டது, தமிழிலும் இயங்குவது, எழுதியவற்றை ஒரு கோப்பாய் எடுத்துச் செல்ல இடந்தருவது. பணமில்லா மாணவன் கட்டணமில்லாத் தளத்திலேயே வைக்கட்டும். அத்தளம் ஆக்கங்களை மொத்தமாய்த் திருப்பித் தருமா என்று முதல் நாளே பார்த்துக் கொள்க. பெயர் பெற்ற தளங்களை அறவே விடவும் வேண்டா. அவை கடைத்தெரு, காட்சிக்கு வைக்கலாம். களஞ்சியம் வீட்டில் இருக்கட்டும். கல்லூரி தரும் மின்னஞ்சற் கணக்கை மட்டும் நம்பற்க. படிப்பு முடிந்தபின் அது மூடப்படுவது பலவிடத்தும் வழக்கம்.

தமிழில் எழுதுவோர்க்கு இன்னுமொரு கடமை உண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துருவில் எழுதின. அவ்வெழுத்துரு கிடையாத கணினியில் தமிழ் வெறுங் கிறுக்கலாய்த் தோன்றிற்று. 2010-இல் தமிழக அரசே ஒருங்குறியை ஏற்றபின்னும், பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அதனைப் படமாக்கி ஏற்றும் மாணவர் இருக்கின்றனர். படத்திலுள்ள தமிழைத் தேடுபொறி எளிதில் காணாது. கண் தெரியாதார்க்குப் படித்துக்காட்டும் கருவியும் அதன்முன் ஊமையாகும். இது சோம்பலால் வருவது, வறுமையால் வருவதன்று. ஆங்கிலத்தில் மட்டும் தலைப்பிட்டுத் தமிழ் ஆய்வேட்டை அடியில் ஒளித்து வைப்பாரும் உளர். அவர் எவர்க்கு நாணுகின்றனரோ!

இறுதியாண்டு மாணவன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குக. தொகுப்பு முழுவதையும் தன் கணினியில் இறக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு கோப்பாய்த் திறந்து பார்க்க. திறவாதவற்றை, தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே வேறு வடிவில் எடுத்து வைக்க.