20 நிமிட சரித்திரம்! ஆண்கள் அணியின் கோல் வலையைக் காத்த மனோன் ரெயோம்

1992-ம் ஆண்டு, செப்டம்பர் 23. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் இருக்கும் டாம்பா நகரம். வெயிலுக்கும் கடலுக்கும் பெயர்போன அந்த ஊரில், அன்று ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூட்டம் திரண்டிருந்தது. ‘டாம்பா பே லைட்னிங்’ என்ற புத்தம்புது அணி, ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ அணியைச் சந்திக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முந்தைய நட்புரீதியான ஆட்டம்தான். ஆனாலும் அத்தனை கேமராக்களும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. லைட்னிங் அணியின் கோல் வலைக்கு முன்னால் நின்ற ஹெல்மெட்டுக்குள் இருந்தது, 20 வயதுப் பெண் ஒருவரின் முகம்.

அவர், மனோன் ரெயோம். உலகின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல் அணி ஒன்றுக்காகக் களமிறங்கிய முதல் பெண்!

‘கோலுக்கு நான் நிற்கிறேன்!’

மனோன் பிறந்தது 1972-ல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில். வருடத்தில் பல மாதங்கள் பனி கொட்டும் ஊர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகியதுமே ஸ்கேட்டிங் ஷூவை மாட்டிவிடுவார்கள். மனோனின் அப்பா சிறுவர்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுப்பவர். சகோதரர்கள் இரண்டு பேர். அவர்கள் அடித்துப் பழக, எதிரில் ஓர் ஆள் வேண்டுமே? தெரு கிரிக்கெட்டில் வீட்டுப் பெண்ணை ஃபீல்டிங்குக்கு நிறுத்துவார்களே... அப்படித்தான் மனோனும் வலைக்கு முன்னால் போய் நின்றார்.

அவருக்கு ஐந்து வயதானபோது, அப்பாவின் அணிக்கு ஒரு போட்டியில் கோல்கீப்பர் கிடைக்கவில்லை. ‘நான் நிற்கிறேன்’ என்றாள் மகள். வீட்டில் அண்ணன் தம்பி அடிப்பதையெல்லாம் தடுத்துக்கொண்டிருப்பவள் ஆயிற்றே! அன்று வலைக்கு முன்னால் நின்றவர்தான். கியூபெக் நகரில் நடக்கும் புகழ்பெற்ற சர்வதேச சிறுவர் போட்டியிலும் ஆடிய முதல் பெண் கோல்கீப்பர் ஆனார்.

வயது கூடக்கூட, கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பையன்கள் அடுத்த நிலை அணிகளுக்குப் போனார்கள். மனோனுக்கோ, நன்றாக ஆடினாலும், பெண் என்ற காரணத்துக்காக மறுப்புகள் வந்தன.

ரத்தம் வழிந்த 17 நிமிடங்கள்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அது துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பு உறைய வைப்பார்கள். அந்த வட்டு, மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வரும். 6 அடி அகலம், 4 அடி உயரமுள்ள வலையை அதனிடமிருந்து காப்பதுதான் கோல்கீப்பரின் வேலை. எதிரே எத்தனை பேர் மறைத்து நின்றாலும், கண் அந்த வட்டை விட்டு விலகக் கூடாது.

1991 நவம்பரில், ‘ட்ருவா ரிவியேர்’ நகரின் ஜூனியர் ஆண்கள் அணி மனோனுக்கு வாய்ப்பு கொடுத்தது. கனடாவில் அந்த உயர்நிலை ஜூனியர் ஆட்டத்தில் ஒரு பெண் ஆடியது அதுவே முதல் முறை. 17 நிமிடங்கள்தான் ஆடினார். வேகமாக வந்த ஒரு பக், ஹெல்மெட்டின் முகப்பை உடைத்து, கண்ணுக்கு மேலே கிழித்துவிட்டது. ரத்தம் வழிய, தையல் போட வெளியேறினார்.

‘இதோடு விட்டுவிடுவார்’ என்று யாராவது நினைத்திருந்தால், அது நடக்கவில்லை. அடுத்த சில மாதங்களில், ஃபின்லாந்தில் நடந்த பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் கனடாவின் கோல்கீப்பராக நின்றார் மனோன். இறுதிப்போட்டியில் அமெரிக்காவை 8-0 என்று நொறுக்கித் தங்கம் வென்றது கனடா.

விளம்பரமா, வாய்ப்பா?

அதன் பிறகுதான் டாம்பாவிலிருந்து அழைப்பு. லைட்னிங் அணியின் பொது மேலாளர் ஃபில் எஸ்போசிட்டோ, முன்னாள் ஹாக்கி நட்சத்திரம். பனியே விழாத ஊரில் புதிதாக ஓர் அணியைத் தொடங்கியிருக்கிறார்கள். மக்கள் திரும்பிப் பார்க்க ஏதாவது வேண்டும். மனோனை அழைத்ததில் விளம்பர நோக்கமும் உண்டு என்பதை அவர் மறைக்கவே இல்லை.

மனோனுக்கும் அது தெரியும். ஆனால், அவர் கணக்கு வேறு. ‘பெண் என்பதற்காகவே எத்தனையோ முறை எனக்கு வாய்ப்பை மறுத்தார்கள். இப்போது பெண் என்பதற்காக ஒருவர் வாய்ப்பு கொடுக்கும்போது, அதை நான் ஏன் மறுக்க வேண்டும்?’ என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. எந்த விளம்பரத்துக்கு உடன்படுவது என்பதிலும் தெளிவாக இருந்தார். கவர்ச்சிப் படங்களுக்கு போஸ் கொடுத்தால் 75,000 டாலர் தருவதாக ஆண்களுக்கான பிரபல பத்திரிகை ஒன்று கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்றைய ஆட்டத்தில் முதல் 20 நிமிடப் பகுதி முழுக்க மனோன்தான் கோல்கீப்பர். வலையை நோக்கி வந்தவை 9. தடுத்தவை 7. அவர் வெளியே வந்தபோது ஸ்கோர் 2-2 என்று சமநிலையில் இருந்தது. விளம்பரம் ஒருவரைக் களம் வரை கூட்டிவரலாம். பாய்ந்து வரும் பக்கை அது தடுக்காது. அந்த ஏழையும் தடுத்தது அவருடைய திறமை.

அதே டிசம்பரில் ‘அட்லாண்டா நைட்ஸ்’ அணிக்காக 5 நிமிடம் 49 விநாடிகள் ஆடினார். இந்த முறை நட்பு ஆட்டமல்ல, புள்ளிப்பட்டியலில் சேரும் தொழில்முறை ஆட்டம். அப்படி ஆடிய முதல் பெண்ணும் அவரே. பிறகு ஆண்களுக்கான சிறிய லீக்குகளில், ஊர் ஊராக, அணி மாறி மாறி ஆடினார்.

ஒரே வீடு... இரண்டு கதைகள்

1994-ல் மீண்டும் உலக சாம்பியன். 1997 உலக சாம்பியன்ஷிப்புக்கான கனடா அணியிலோ அவருக்கு இடமில்லை. துவண்டுவிடாமல் உழைத்து, 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக் அணிக்குள் வந்தார். பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்ற ஒலிம்பிக் அது. இறுதிப்போட்டியில் அமெரிக்காவிடம் 3-1 என்று தோற்றாலும், கழுத்தில் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார்.

வீட்டில் மனோனோடு ஆடி வளர்ந்த தம்பி பாஸ்கல், என்.ஹெச்.எல் லீக்கில் 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 2003-ல் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அக்காவுக்கு அந்த லீக்கின் கதவு திறந்தது, இரண்டே நட்பு ஆட்டங்களுக்கு. திறமையில் தம்பி பெரியவரா, அக்கா பெரியவரா என்று ஒப்பிட முடியாது. ஆனால், வளர்ந்த பிறகு தம்பிக்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டு இருந்தது. அக்கா, ஒவ்வொரு படியையும் தானே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

2022-ல், என்.ஹெச்.எல் அணியான ‘லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ்’ மனோனைத் தன் ஆலோசகர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. இம்முறை ‘முதல் பெண்’ என்று காட்டுவதற்காக அல்ல, இளம் வீரர்களை வளர்த்தெடுப்பதற்காக.

2024 ஜனவரி 1. வட அமெரிக்காவில் பெண்களுக்கான புதிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக், டொரன்டோவில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் நியூயார்க் அணி 4-0 என்று வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர், கனடாவைச் சேர்ந்த கொரின் ஷ்ரோடர், ஒரு கோலைக்கூட விடவில்லை.

மனோனுக்கு அன்று கிடைத்தவை 20 நிமிடங்கள். கொரின், 60 நிமிடங்களும் நின்று ஆடினார்!